இப்பத்தான் போச்சு

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கியதும், ராஜபாளையத்திலிருந்து முடங்கியார் சாலை வழியாக அய்யனார் கோயில் பள்ளத்தாக்குக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கோ, விடியலில் கழுத்தில் பைனாகுலரோடு ஒரு கூட்டம் கிளம்பும். கூட்டம் எதுவானாலும் அதில் ஒருவர் தவறாமல் இருப்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், மில்லில் சூப்பர்வைசராக இருந்தவராக இருக்கலாம், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்பவராகவும் இருக்கலாம். தொழில் முக்கியமில்லை. உட்கார்ந்திருக்கும் பறவையை அவர் யாருக்கும் காட்டியதாக வரலாறு கிடையாது. போன பறவையைத்தான் காட்டுவார். "அந்தா... அந்தா..." என்று கை நீளும். பதினான்கு தலைகள் அந்தத் திசையில் திரும்பும். அங்கே ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். "இப்பத்தான் போச்சு" என்பார். "என்ன பறவை, அண்ணாச்சி?" என்று கேட்டால், கேட்டவருக்கு அன்றைய காலைச் சாப்பாடு இறங்காத அளவுக்கு அரிதான ஒரு பெயரைச் சொல்வார்.

இவரைப் பற்றிக் குழுவுக்குள் நிலவும் கருத்து ஒன்றுதான்: ஆள் தங்கமானவர், ஆனால் புளுகுவார். சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது என்பது என் வாதம். பறவை பார்க்கப் போகும் கூட்டத்தில் மிகக் குறைவாகப் பொய் சொல்பவர் அவர்தான். இன்னும் ஒரு படி மேலே போய், மற்ற பதினான்கு பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்றும் சொல்வேன். முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஊரைவிட்டு மேற்கே போனால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அப்புறம் வனத்துறைச் சோதனைச் சாவடி, அதற்கப்பால் நீர்காத்த அய்யனார் கோயில் பக்கத்து ஆற்றை ஒட்டிய பாதை. யானை நடமாடும் காடு என்பதால் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போக முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். இப்படி வரிசையில் நடக்கும் கூட்டத்துக்குப் பறவை தெரியும் விதம் எளிய கணக்கு. பறவை பயப்படுவது முதலில் வரும் ஆளைக் கண்டு. அது கிளம்பும்போது முதல் ஆள் முழுப் பறவையைப் பார்க்கிறார், இரண்டாமவர் வாலைப் பார்க்கிறார், ஏழாமவர் ஆறாமவரின் பிடரியைப் பார்க்கிறார். அண்ணாச்சி எப்போதும் முதல் ஆள். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி நாள் தவறாமல் விடியலில் நடந்து பழகிய கால்கள், பறவைக்காக வேகம் குறைக்கச் சம்மதிப்பதில்லை. ஆகவே அவர் பறவையைப் பார்த்ததற்கும் அது பறந்து போனதற்கும் காரணம் ஒன்றே, அவர்தான். குற்றவாளியும் கண்கண்ட சாட்சியும் ஒரே ஆள் என்பதற்காகச் சாட்சியம் பொய்யாகிவிடாது.

"சரி, மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இந்த மலையடிவாரத்தில் பறவை பார்க்க மாசியைவிட நல்ல மாதம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடர்ந்திருந்த காடு இலை உதிர்த்து இளைத்திருக்கும். இலவ மரங்களில் இலையே இல்லாமல் சிவப்புப் பூவாகப் பூத்திருக்கும். தேனுக்காகக் கரிச்சானும் மைனாவும் அதில் மொய்க்கும். மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராகக் காட்டின் முகத்தில் விழும். வடக்கிலிருந்து குளிருக்கு வந்த விருந்தாளிகளும் இன்னும் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள். இவ்வளவு வசதி இருந்தும் பதினான்கு பேர் கோட்டை விடுவது எப்படி? பைனாகுலரால்தான். பறவை நோக்குவோர் பெரும்பாலும் வைத்திருப்பது 8x42 என்ற வகை. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். பதிலுக்கு, கண்ணுக்கு இயல்பாக விரிந்து கிடக்கும் உலகத்தை ஏழெட்டுப் பாகை அகலமுள்ள ஒரு வட்டமாக ஒடுக்கிவிடும். அந்த வட்டத்துக்குள் மரத்தைக் கண்டுபிடித்து, கிளையைக் கண்டுபிடித்து, திருகித் தெளிவாக்குவதற்குள் எந்தப் பறவையும் காத்திருக்காது. அதற்கு நடுவே ஒரு பேச்சுவார்த்தை வேறு நடக்கும். "எந்த மரம் சார்?" "அந்த மரந்தான்." "எந்த அந்த மரம்?" "பச்சையா இருக்கு பாருங்க." அனுபவசாலி ஒருவர் கடிகார முறைப்படி "ரெண்டு மணி திசையில" என்பார், புதிதாக வந்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அண்ணாச்சியிடமும் பைனாகுலர் உண்டு. மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த நல்ல பொருள். இட்லிப் பொட்டலம் பிரிக்கும் நேரத்தில் மட்டும் அதை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடி உறையில் வைப்பார். வெறுங்கண்ணோடு நடப்பவருக்குத்தான் அசைவு தெரியும். அசைவது போகிற பறவை.

வக்காலத்து கொஞ்சம் திணறும் இடம் ஒன்று உண்டு. அண்ணாச்சி கண்டதாகச் சொன்ன பறவைகளை வரிசையாக எழுதினால் அதில் ஒரு போக்கு தென்படும். தீக்காக்கை இருக்கும். பெரிய இருவாச்சி இருக்கும். தவளைவாயன் இருந்தது, அது பகல் முழுக்கக் காய்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும் இரவுப் பறவை, அவ்வளவு சுலபமாகப் "போகாது" என்று யாரோ எடுத்துச் சொன்னபின் வரிசையிலிருந்து சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. ஆனால் "இப்பத்தான் ஒரு தவிட்டுக்குருவி போச்சு" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. புள்ளிப்புறாவும் கொண்டைக்குருவியும் அவர் முன்னிலையில் பறந்ததே கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூறு சாதாரணப் பறவைகள் வாழும் காட்டில் ஒருவர் கண்ணுக்கு மட்டும் அரிய பறவைகளே எப்படிப் படும்? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, தவிட்டுக்குருவி போகாது. ஏழெட்டாகச் சேர்ந்து தரையில் சருகைக் கிளறி, சண்டை போட்டு, போகச் சொன்னாலும் போகாமல் நிற்கும். இரண்டாவது, சாதாரணத்தை யாரும் அறிவிப்பதில்லை. லென்ஸ் வைத்திருப்பவர் எடுத்த ஆயிரம் படங்களில் கொண்டைக்குருவி எத்தனை என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். குழுவுக்கு அனுப்பியது எத்தனை என்றும் கேளுங்கள். அண்ணாச்சி செய்வதும் அதே பொறுக்கல்தான், கேமரா இல்லாமல் செய்கிறார்.

இருவாச்சி விஷயத்தில் இயற்கையே அவர் கட்சி. இந்தப் பருவத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் மட்டும் பழம் சேகரித்துக் கொண்டுபோய்ப் பிளவு வழியாக ஊட்டும். குடும்பஸ்தன், நின்று போஸ் கொடுக்க நேரமில்லை. அதன் சிறகடிப்பு வெகுதூரம் கேட்கும்; கேட்டு நிமிர்வதற்குள் பள்ளத்தாக்கைக் கடந்திருக்கும். அதைப் பார்த்தவர் "இப்பத்தான் போச்சு" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? எஞ்சிய இருவாச்சிகளில் சில உண்மையில் மலையணிலாக இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. வாலோடு சேர்த்து இரண்டு அடிக்கு மேல் நீளும் சாம்பல் நிற மலையணில், உச்சிக் கிளைகளிலேயே குடும்பம் நடத்தி, மரம் விட்டு மரம் தாவி, கிளையை ஆட்டிவிட்டு மறையும் பிராணி. 1988இல் இங்கே சரணாலயம் அமைத்ததே அதற்காகத்தான். அந்தக் காடு 2021இல் மேகமலையோடு சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அந்த அணிலைப் பார்க்க வேண்டும் என்றே வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். பறவைக் குழுவோ, "சே, அணிலு!" என்று பைனாகுலரை இறக்கிவிடும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவே அணிலை இருவாச்சி என்று சொல்லிவிடுவதில் ஒரு கருணைகூட இருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலிக்கும் ஆட்சேபம், ஆதாரம் எங்கே என்பது. இந்தக் கேள்விக்கு ஒரு ரத்தக்கறை படிந்த பூர்வீகம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையைக் கண்டதற்கு ஆதாரம் அதன் பிணம். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பெரிய பறவையியலாளர். காங்கிரஸ் பிறந்த அதே 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போன அவருடைய சேகரிப்பில் 60,000க்கும் மேற்பட்ட பறவைத் தோல்கள் இருந்தன. சலீம் அலியைப் பறவைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததும், சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் அவர் சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டுதான். சுட்டால் ஆதாரம், சுடாவிட்டால் வதந்தி என்று இருந்த காலம். பிறகு துப்பாக்கி போய் அந்த இடத்துக்கு லென்ஸ் வந்தது. நீளமும் கனமும் ஏறக்குறைய அதே அளவு. தோளில் வைக்கும் விதமும் அப்படியே. குழுவிலுள்ள லென்ஸ்காரர் பறவையைக் கண்டு மகிழ்வதை யாரும் பார்த்ததில்லை. திரையில் கண்ணருகே ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துத்தான் மகிழ்வார். அந்த மகிழ்ச்சிக்காகச் சிலர் செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அதைக் கிளைக்கு வரவழைப்பதும் உண்டு. உள்ளூர்ப் பறவைகள் பல ஜோடி சேர்ந்து கூடு கட்டும் பருவம் இது. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி ஓடிவரும் ஆண் பறவை, இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டித் தன் பலத்தை வீணாக்குகிறது. இதோடு ஒப்பிட்டால் அண்ணாச்சியால் பறவைக்கு வரும் தீங்கு என்ன? அவர் வந்ததும் அது போய்விடுகிறது. நிம்மதியாக.

வேறு ஊர்க்காரர்கள் போட்டோ கேட்டாலாவது பொறுத்துக்கொள்ளலாம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்பது தகாது. ஊரின் பெருமையே ஆண்டாள். திருப்பாவையில் பொழுது விடிந்ததற்கு வாசலில் நிற்கும் பெண்கள் வைக்கும் சாட்சியங்களில் பறவைக் குரல் முக்கியமானது. உரைகாரர்கள் வலியன் என்று சொல்லும் ஆனைச்சாத்தனின் அரவம் அதில் வருகிறது. உள்ளே தூங்கும் பெண் எழுந்து வந்து, "எங்கே அந்தப் பறவை, காட்டு பார்ப்போம்" என்று கேட்டதாக எந்த உரையிலும் இல்லை. நாச்சியார் திருமொழியில் குயிலிடம் ஒரு பதிகம் முழுக்கக் கெஞ்சுகிறாளே, அங்கேயும் கூவச் சொல்கிறாளே தவிரக் கிளை நுனிக்கு வந்து நிற்கச் சொல்லவில்லை. அசையாமல் உட்கார்ந்து படமெடுக்க இடம் கொடுக்கும் கிளி ஒன்றுதான் இந்த வட்டாரத்தில் உண்டு. மாதுளம்பூவில் அலகும் மரவள்ளி இலையில் உடலும் வைத்து அன்றாடம் புதிதாகக் கட்டி ஆண்டாள் கையில் வைக்கிறார்கள். மற்ற கிளிகள் போகிற ஜாதி. காட்டில் பறவை பார்ப்பது பாதிக்கு மேல் காதால் நடக்கும் காரியம். ஆறுமணிக் குருவியைக் கேட்டவர்களில் அதைக் கண்டவர்கள் சொற்பம். சீகாரப் பூங்குருவி ஓடைக்கரையில் சீட்டியடிக்கும்போது கூட்டமே நின்று கேட்கும்; கேட்டதைக் கண்டதாகவே பட்டியலில் சேர்க்கும். இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. இத்தனைக்கும் பள்ளத்தாக்கின் தலைசிறந்த புளுகர் காதுக்குத்தான் வேலை வைக்கிறார். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரல்களை அச்சு அசலாகப் பாவனை செய்யும். வல்லூறு, மாங்குயில், இன்னும் எது வேண்டுமானாலும். அது ஒற்றை ஆளாக உட்கார்ந்து கத்த, கீழே நான்கு வகைப் பறவைகள் குறிக்கப்பட்ட பட்டியல்கள் இந்த மலைத்தொடர் நெடுக இருக்கும் என்பது என் சந்தேகம். அதை யாரும் புளுகு என்று சொல்வதில்லை, மிமிக்ரி என்கிறார்கள்.

இனி அறிவியல் தரப்பு. "விளையாட்டாக விட்டுவிடலாம், ஆனால் இது தரவு அல்லவா?" என்பார் குழுவில் பட்டியல் எழுதும் அக்கா. கல்லூரியில் கற்பிப்பவர், கண்டிப்பானவர். மாசியை ஒட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும், பொங்கல் நாட்களில் நடக்கும் கணக்கெடுப்புக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் பயம் வெறும் பயமில்லை. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை எடைபோட்டது. அதற்கு அடிப்படை, சுமார் 30,000 பறவை நோக்குவோர் ஈ-பேர்டு தளத்தில் ஏற்றிய 3 கோடிப் பதிவுகள். ஆனால் இந்த எண்ணிக்கையே அண்ணாச்சிக்குச் சாதகமாகத் திரும்புகிறது. அந்த மூன்று கோடியில் படத்தோடு ஏறியவை சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் யாரோ ஒருவர் பார்த்தேன் என்று சொன்னது, மற்றவர்கள் நம்பியது. ஈ-பேர்டு புளுகைத் தடுக்க ஏற்பாடு இல்லாமலும் இல்லை. ஓர் இடத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தாத பறவையைப் பதிந்தால் உடனே விவரம் கேட்கும். பிறகு அந்த வட்டாரத்தை அறிந்த தன்னார்வலர் ஒருவர் படித்துப் பார்த்து, நிறம் என்ன, வால் எப்படி, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எழுதிக் கேட்பார். "எவ்வளவு நேரம்" என்ற கேள்வியைத் தாண்டிய இருவாச்சி அண்ணாச்சியிடம் இல்லை. ஆகவே தரவுக்கு அவரால் ஆபத்து இல்லை. உண்மையில் ஆபத்து, உட்கார்ந்திருந்த பறவையை நன்றாகப் பார்த்து, தப்பான பெயரை நம்பிக்கையோடு எழுதுபவரிடம் இருக்கிறது. அவர் பதிவில் விவரமும் இருக்கும், நேரமும் இருக்கும், சில சமயம் மங்கலாக ஒரு படமும் இருக்கும்.

புதிதாக வருபவர்களை இவர் விரட்டிவிடுகிறார் என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லென்ஸ்காரர் பின்பக்கத் திரையில் தீக்காக்கையைக் காட்டினால் புதியவருக்கு அது பார்த்தாகிவிட்ட பறவை. அண்ணாச்சி சொன்ன தீக்காக்கை இன்னும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அதற்காக அடுத்த வாரமும் அலாரம் வைக்க வேண்டியிருக்கிறது. எட்டரைக்கு வெயில் ஏறி, கண்டது மொத்தம் கொண்டைக்குருவியும் காக்கையும் என்று கூட்டம் சோர்ந்து, "திரும்பிருவோமா?" என்ற பேச்சு எழும் அந்த நேரத்தில் முன்னாலிருந்து "அந்தா!" என்று ஒரு குரல் வரும். யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எல்லோரும் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் சில நாட்கள் வேறு ஏதாவது, ஒரு மரகதப்புறாவோ நீண்ட வெள்ளை வாலோடு ஓர் அரசவால் ஈப்பிடிப்பானோ, உண்மையாகவே கண்ணில் படும்.

கடைசிச் சாட்சியம் திரும்பும் வழியில் வேனுக்குள் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க வண்டியை நிறுத்தியிருக்கும் நேரம் பார்த்து அக்கா பட்டியலை முடிப்பார். தீக்காக்கையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசிப்பார். இந்த மலைக்குப் பொருந்தாத பறவை இல்லை. பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். சரி, ஒன்று என்று எழுதுவார். பிறகு பட்டியலைக் குழுவிலுள்ள எல்லோருக்கும் பகிர்வார். ஈ-பேர்டில் பகிர்ந்த பட்டியல் ஆளுக்கொரு பிரதியாகப் போய்ச் சேரும். தான் காணாத, கேட்காத பறவையை அவரவர் தம் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம், நீக்கவும் வேண்டும் என்பது விதி. வேனில் செல்போன்கள் ஒவ்வொன்றாக மினுங்கும். காலையிலிருந்து அண்ணாச்சியைக் கிண்டலடித்தவர்கள் அத்தனை பேரும் பட்டியலைத் திறப்பார்கள். ஆயுள் கணக்கு ஒன்று கூடியிருப்பதைப் பார்ப்பார்கள். பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு, எதையும் நீக்காமல், ஏற்றுக்கொள்வார்கள். லென்ஸ்காரரும்தான். அண்ணாச்சிக்கு மட்டும் பட்டியல் போகாது. அந்த ஆப்பில் பதிய பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி என்று என்னென்னமோ கேட்டதாம், அத்தோடு விட்டுவிட்டார். அன்றைய தீக்காக்கை கணக்கில் ஏறாத ஒரே ஆள் அவர்தான்.